சதுப்பு நிலத்தில் ஒரு மைதானம்

தேர்வு நெருங்கும்போதுதான் சம்பந்தமில்லாத விஷயங்களில் ஆர்வம் பொங்கும் என்பது என் நீண்டநாள் அனுபவம். போன செமஸ்டரில் பொது நிதி பேப்பருக்குப் படிக்க உட்கார்ந்தேன். நகராட்சிக் கடன் பத்திரம் என்ற தலைப்புக்கு நோட்ஸில் நாலே வரிதான் இருந்தது. உதாரணம் ஒன்று கிடைத்தால் பத்து மார்க் கேள்விக்கு ஆகுமே என்று தேட ஆரம்பித்து, கடைசியில் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரின் பேஸ்பால் மைதானத்தில் போய் நின்றேன். பேஸ்பால் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மட்டை உருண்டையாக இருக்கும் என்பதுதான் :-) ஆனாலும் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

ஊரின் பெயர் பாடக்கெட். அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 75,000. காமர்ஸ் மாணவர்கள் இந்த ஊரைக் கும்பிட வேண்டும். இங்கிலாந்திலிருந்து நூற்பு இயந்திரத்தின் அமைப்பை மனதிலேயே ஏற்றிக்கொண்டு கப்பலேறி வந்த சாமுவேல் ஸ்லேட்டர், 1790இல் இந்த ஊர் ஆற்றங்கரையில்தான் தண்ணீர் விசையால் பருத்தி நூற்றுக் காட்டினார். 1793இல் எழுந்த அவருடைய ஆலை இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. அமெரிக்கத் தொழிற்புரட்சி பிறந்த இடம் என்று ஊர்க்காரர்கள் பெருமைப்பட்டுக் கொள்கிறார்கள்.

பெருமை சோறு போடவில்லை. 1920களிலேயே ஆலைகள் கூலி குறைவான தெற்கு மாநிலங்களுக்கு நகர ஆரம்பித்தன. அதன் மேல் 1930களின் பெருமந்தம் வந்து விழுந்தது. அந்த வேளையில் ஊரைப் பிடித்தவர் தாமஸ் மெக்காய். டிராம் வண்டிக் கண்டக்டராக இருந்து, தொழிற்சங்கம் வழியாக அரசியலுக்கு வந்து, 1936 தேர்தலில் மேயரானவர். பெயருக்குத்தான் மேயர், நகராட்சியின் கணக்கு, கொள்முதல் எல்லாமே அவர் கையில். அவரைக் கேட்காமல் ஊரில் ஒரு சாக்கடை மூடியைக்கூட மாற்ற முடியாது என்கிற மாதிரி ஒரு ராஜ்ஜியம். நம் ஊர் அரசியல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு ஒரு ஆசை வந்தது. ஊருக்கு ஒரு பெரிய விளையாட்டரங்கம் வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஹேமண்ட் குளம் என்ற சதுப்பு நிலம். பணத்துக்கு வழி இருந்தது. வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க 1935இல் ரூஸ்வெல்ட் அரசு ஆரம்பித்த டபிள்யூ.பி.ஏ. என்ற அமைப்பு, பாலம், பள்ளிக்கூடம், பூங்கா என்று நாடு முழுக்கக் கட்டிக்கொண்டிருந்தது. கூலியில் பெரும்பகுதியை மத்திய அரசு கொடுத்துவிடும். நம்ம 100 நாள் வேலைத் திட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக, கான்கிரீட்டோடு கற்பனை செய்து கொள்ளுங்கள்.

சதுப்பு நிலம் சும்மா விடுமா? கொட்டிய மண்ணையெல்லாம் விழுங்கியது. லாரிகளையே விழுங்கியது என்று ஊரில் கதை உண்டு. அடிக்கல் நாட்டியது 1940 நவம்பரில். திறந்தது 1942 ஜூலை 4, சுதந்திர தினத்தன்று. செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில், அந்த அளவு ஊருக்கு, அது மலைக்க வைக்கும் தொகை. எதிர்க்கட்சிக்காரர்கள் அதற்கு 'மெக்காயின் கிறுக்குத்தனம்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரங்கம் திறந்தபோது நாடு உலகப்போரில் இருந்தது, விளையாடத் தொழில்முறை அணியே இல்லை! மெக்காய் 1945இல் இறந்தார். அடுத்த வருஷம் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஸ்லேட்டர் பெயரில் ஒரு அணியும் வந்தது. 1949 சீசனோடு அது ஆடிய லீகே கலைந்துவிட்டது. பிறகு 16 வருஷம் அங்கே தொழில்முறை பேஸ்பால் கிடையாது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, மைனர் லீக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்கே இது புரிய அரை நாள் ஆனது. அமெரிக்காவில் மேஜர் லீக் அணிகள் 30. ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன ஊர்களில் படிப்படியாகப் பயிற்சி அணிகள் உண்டு. மேல்படிக்கு டிரிபிள் ஏ என்று பெயர். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பெரிய அணி. யார் ஆட வேண்டும், யாரை எப்போது மேலே அழைக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் பெரிய அணிதான். உள்ளூர் முதலாளிக்கு மிஞ்சுவது டிக்கெட், தின்பண்டம், விளம்பரப் பலகை. அதாவது அவர் நடத்துவது பேஸ்பால் அணி அல்ல, பேஸ்பால் நடக்கும் ஒரு கேளிக்கைக் கூடம். அந்தக் கூடத்தைக் கட்டித் தருவது பெரும்பாலும் நகராட்சி. தராவிட்டால் 'பக்கத்து ஊர் கட்டித் தருகிறேன் என்கிறது' என்ற ஒரே வசனம் போதும். மொத்தக் கதைக்கும் சாவி இந்த வசனம்தான்.

1970இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் பயிற்சி அணி ஒன்றை பாடக்கெட்டுக்கு அனுப்பியது. 1973இல் டிரிபிள் ஏ அணியே வந்துவிட்டது. பாஸ்டனிலிருந்து சுமார் 40 மைல்தான். காலையில் கூப்பிட்டால் சாயங்காலம் அங்கே போய் ஆடலாம். எல்லாம் சரியாக இருந்தும் அணி திவாலானது. 1977இல் அதை வாங்கியவர் பென் மாண்டோர். பேஸ்பால் ஆள் இல்லை. கியூபெக்கில் பிறந்து இங்கே வளர்ந்தவர், மூழ்கிய ஜவுளி ஆலைகளை வாங்கி விற்றுச் சம்பாதித்து ஓய்வு பெற்றவர். அவர் வந்த முதல் வருஷம் மொத்த சீசனுக்கும் வந்த கூட்டம் 70,000 சொச்சம். அணி அந்த வருஷம் லீகில் முதலிடம் பிடித்தும் அவ்வளவுதான்!

மாண்டோர் செய்ததில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. டிக்கெட் விலையைக் குறைவாக வைத்தார், கழிப்பறையைச் சுத்தமாக வைத்தார், குடும்பத்தோடு வருபவர்களை மதித்தார். அதையே முப்பது வருஷத்துக்கு மேல் விடாமல் செய்தார். அரங்கின் ஒரு விசித்திரமும் கைகொடுத்தது. ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம் பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே அமைந்திருந்தது, மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. சிறுவர்கள் பால் கேனை வெட்டி, அதற்குள் பந்தும் பேனாவும் போட்டு, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்கள். கீழே யாராவது கையெழுத்துப் போட்டு கயிற்றை ஆட்டினால் இழுத்துக்கொள்ள வேண்டியது. மீன் பிடிக்கிற மாதிரி! நாளைக்கு நட்சத்திரமாகப் போகிறவன் யார் என்று தெரியாமலே கையெழுத்து வாங்குவதில் ஒரு சுகம் இருந்திருக்கும். 2005இல் ஒரு சீசனுக்கு வந்தவர்கள் 6,88,000 பேர். ஊர் மக்கள்தொகையைப் போல ஒன்பது மடங்கு.

1981இல் நடந்த கூத்தைச் சொல்லாமல் போனால் பேஸ்பால் ரசிகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அந்த வருஷம் ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. ராச்சஸ்டர் அணியோடு ஆட்டம். விளக்குக் கோளாறால் அரை மணி நேரம் தாமதம். பேஸ்பாலில் டிரா கிடையாது. ஒன்பது இன்னிங்ஸில் சமமாக இருந்தால் முடிவு தெரியும்வரை ஆட வேண்டியதுதான். நள்ளிரவு தாண்டினால் ஆட்டத்தை நிறுத்த ஒரு விதி லீகில் உண்டு, ஆனால் நடுவரிடம் இருந்த விதிப் பிரதியில் அந்த வரி இல்லை. குளிர் தாங்காமல் உடைந்த மட்டைகளை எரித்துக் கை காய்ந்தார்கள். லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, அதிகாலை 4:07க்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். 32 இன்னிங்ஸ் முடிந்திருந்தது, 2-2. அரங்கில் மிச்சம் இருந்த ரசிகர்கள் 19 பேர். ஜூன் 23 அன்று மீண்டும் தொடங்கி 18 நிமிடத்தில், 33ஆவது இன்னிங்ஸில், பாடக்கெட் ஜெயித்தது. தொழில்முறை பேஸ்பாலின் மிக நீண்ட ஆட்டம் அதுதான். அன்று எதிரெதிரே ஆடிய வேட் போக்ஸ், கால் ரிப்கென் இருவரும் பின்னாளில் புகழரங்கில் இடம் பிடித்தார்கள்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம்.

1999 சீசனுக்குள் மாநில அரசின் உதவியோடு சுமார் 1.6 கோடி டாலரில் அரங்கை விரிவாக்கி, 10,000 பேர் உட்காரும்படி செய்தார்கள். மாண்டோர் 2010இல் காலமானார். 2015 தொடக்கத்தில் ஜிம் ஸ்கெஃபிங்டன் என்ற வழக்கறிஞரும், பாஸ்டன் ரெட் சாக்ஸ் தலைவராக இருந்த லாரி லுக்கினோவும் கூட்டாளிகளோடு அணியை வாங்கினார்கள். ஏப்ரலிலேயே திட்டம் வெளியே வந்தது. மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸில், நெடுஞ்சாலையை இடம் மாற்றியதால் கிடைத்த ஆற்றோர நிலத்தில் 8.5 கோடி டாலர் அரங்கம். கட்டுவது நாங்கள்தான் என்றார்கள். நல்ல மனசு என்று நினைப்பதற்குள் அடுத்த வரி: மாநிலம் நிகரமாக வருஷத்துக்கு 40 லட்சம் டாலர் வீதம் 30 வருஷம் கொடுக்க வேண்டும். பெருக்கினால் 12 கோடி.

மக்கள் கொதித்துப் போனார்கள். கொதிப்புக்கு ஒரு பின்கதை உண்டு, இதில்தான் எனக்குத் தூக்கம் போனது. 2010இல் கர்ட் ஷில்லிங் என்ற ஓய்வுபெற்ற ரெட் சாக்ஸ் வீரர் 38 ஸ்டுடியோஸ் என்று ஒரு வீடியோ கேம் கம்பெனி நடத்தினார். அது தன் மாநிலத்துக்கு வர வேண்டும் என்று ரோட் ஐலண்ட் அரசு 7.5 கோடி டாலர் கடனுக்குப் பின்னால் நின்றது. 2012இல் கம்பெனி திவால். அந்தப் பத்திரங்களுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'தார்மீகக் கடமைப் பத்திரம்'. கம்பெனி கட்டாவிட்டால் மாநிலம் கட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. ஆனால் கட்டாவிட்டால் மாநிலத்தின் கடன் தரமதிப்பீடு விழும், நாளைக்குப் பள்ளிக்கூடம் கட்ட வாங்கும் கடனுக்கும் வட்டி ஏறும். ஆகவே கட்டினார்கள். மச்சானுக்காகக் 'கையெழுத்தெல்லாம் போடலை, வாய்வார்த்தைதான்' என்று வட்டிக்கடையில் நின்றவன் கதைதான். வழக்குப் போட்டு நல்ல தொகையைத் திரும்ப வாங்கினாலும், சூடு சூடுதான்.

இந்த ஊர் மக்களிடம்தான், மூன்றே வருஷம் கழித்து, இன்னொரு பேஸ்பால் கூட்டம் போய்க் கையேந்தியது. மே மாதம் ஸ்கெஃபிங்டன் திடீரென்று இறந்தார். செப்டம்பரில் பிராவிடன்ஸ் திட்டமும் செத்தது.

இனி பாடக்கெட் மேயர் டொனால்ட் கிரெபியனின் முறை. அணி ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று ஓடியாடினார். 2017இல் ஸ்லேட்டர் ஆலைக்குப் பக்கத்தில் புது அரங்கம் என்று ஒரு திட்டம் வந்தது. மொத்தம் 8.3 கோடி டாலர். அணி 4.5 கோடி, மாநிலம் 2.3 கோடி, நகரம் 1.5 கோடி. அணி பாதிக்கு மேல் போடுவதாகச் சொன்னதை மைனர் லீக் உலகில் அதிசயம் என்றே சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் செனட் நிறைவேற்றியது. கீழவையின் சபாநாயகர் நிக்கலஸ் மாட்டியெல்லோ அசையவில்லை. ஜூனில் அவர் ஒரு வழியாக மசோதாவைக் கொண்டுவந்தபோது, அதில் மாநிலத்தின் உத்தரவாதம் மட்டும் காணாமல் போயிருந்தது. நகரத்தின் மறுமேம்பாட்டு முகமை பத்திரம் வெளியிடும், வருமானம் வராவிட்டால் நட்டம் பத்திரம் வாங்கியவருக்கு, மாநிலம் பொறுப்பல்ல.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நட்டம் எனக்கு என்றால் நான் கூட வட்டி கேட்பேன் இல்லையா? ரிஸ்க் எங்கேயும் காணாமல் போவதில்லை, அது வட்டி விகிதமாக உருமாறி வந்து உட்கார்ந்து கொள்கிறது. நோட்ஸில் நாலு வரியில் படித்தபோது புரியாத விஷயம் இங்கே பளிச்சென்று புரிந்தது. கவர்னர் ஜீனா ரைமண்டோ ஜூன் கடைசியில் கையெழுத்துப் போட்டார். 2018 ஆகஸ்ட் 17 அன்று, நாங்கள் மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டருக்குப் போகிறோம் என்று அணி அறிவித்தது.

வூஸ்டர் இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர், அதுவும் பழைய ஆலை நகரம்தான். அங்கே நகராட்சி சுமார் 10 கோடி டாலர் கடன் வாங்க ஒப்புக்கொண்டது. வரியை ஏற்ற மாட்டோம் என்று வாக்குறுதி. எப்படி? அரங்கத்தைச் சுற்றி ஓட்டல், அடுக்குமாடி, அலுவலகம் எல்லாம் வரும், அவற்றிலிருந்து புதிதாக வரும் சொத்துவரி கடனை அடைக்கும் என்று கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் கடன் தவணை தேதி தவறாமல் வரும், கட்டடங்கள் அப்படி வருவதில்லை. அரங்கம் கட்டி முடித்தபோது செலவு 16 கோடியை ஒட்டிவிட்டது. மைனர் லீக்கில் இதுவரை இவ்வளவு செலவில் ஒன்றும் கட்டியதில்லை என்கிறார்கள். 2021 மே 11 அன்று திறந்தார்கள். சுற்றியிருக்க வேண்டிய கட்டடங்கள் சில தாமதமாயின, திட்டம் மாறின. அதே ஊரில் ஹோலி கிராஸ் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் விக்டர் மாதிசன், இந்த மாதிரி அரங்கங்கள் தம் செலவைத் தாமே ஈட்டுவதில்லை என்று வருஷக்கணக்காக எழுதி வருபவர். அவர் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று கட்டினார்கள், பாவம்.

அவர் வாதம் எளிமையானது. ஒரு குடும்பம் ஆட்டம் பார்க்கச் செலவழிக்கும் பணம் வானத்திலிருந்து வந்தது அல்ல. ஆட்டம் இல்லையென்றால் அதே ஊரில் சினிமாவுக்கோ ஓட்டலுக்கோ போயிருக்கும். ஊருக்குப் புது வருமானம் என்று காட்டுவதில் பெரும்பகுதி ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுவதுதான். ஸ்டேடியப் பொருளாதாரம் எழுதுபவர்களில் பெரும்பாலோர் இதில் ஒத்துப்போகிறார்கள். பொருளாதார வல்லுநர்கள் இப்படி ஒத்துப்போவதே ஒரு செய்தி :-)

அப்படியானால் மாட்டியெல்லோ செய்ததுதான் சரியா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மெக்காயின் கிறுக்குத்தனம் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒருநாளும் லாபம் காட்டியிருக்காது. திறந்து 35 வருஷம் அது வீண் என்றே எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பிறகு ஒரு மனிதர் வந்தார், மூன்று தலைமுறைப் பிள்ளைகள் பால் கேனைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். இதை எந்தப் பத்தியில் எழுதுவது, வரவிலா? ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கவும் முடியாது. மெக்காய் கட்டியபோது கூலி வேலையில்லாதவன் கைக்குப் போனது, செலவின் பெரும்பங்கை நாடே பகிர்ந்துகொண்டது, அரங்கம் ஊருக்குச் சொந்தம், கையிலிருந்த அணியை வைத்து மிரட்ட அங்கே ஒருவரும் இல்லை. 2015இல் மிரட்டல்தான் முதலில் வந்தது, வரைபடம் பிறகு வந்தது. பாடக்கெட்டுக்கு ஒரு புது அரங்கம் கட்டித் தந்திருக்கலாம் என்பதே என் கருத்து, ஆனால் ஒன்பது மடங்கு கூட்டம் பார்த்த ஊரிடம் 'இல்லாவிட்டால் போய்விடுவோம்' என்று சொன்னவர்களுக்காக அல்ல. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

2020 சீசன் பாடக்கெட்டுக்கு வழியனுப்பு சீசனாக இருந்திருக்க வேண்டும். கொரோனா வந்து மைனர் லீக் சீசனே ரத்தானது. ஆக, 2019 செப்டம்பர் 2 அன்று நடந்த ஆட்டமே கடைசி. அது கடைசி என்று அன்று அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியாது. 2020 கோடையில் புல்தரையில் மேசை போட்டு இரவு உணவு பரிமாறினார்கள். டிக்கெட்டுகள் மளமளவென்று போயின. பிறகு அதே இடத்தில் கொரோனா பரிசோதனை முகாம் நடந்தது. 2021 முதல் மேஜர் லீக்கே மைனர் லீக் நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டு, சுமார் 160 ஆக இருந்த அணிகளை 120 ஆகக் குறைத்தது, அரங்கங்களுக்குப் புதுத் தரவிதிகளும் போட்டது. விதிப்படி விளக்கு மாற்று, ஓய்வறை கட்டு என்று நாடு முழுக்கப் பல சின்ன நகராட்சிகள் மறுபடி கடன் பத்திரம் அச்சடிக்க வேண்டியதாயிற்று.

பாடக்கெட் சும்மா இருக்கவில்லை. பேஸ்பால் போனால் என்ன, கால்பந்து இருக்கிறதே என்று அதே ஆற்றின் கரையில் ஒரு அரங்கத்துக்கு ஒப்பந்தம் போட்டது. செலவு ஏறியது, 2022இல் மாநில வாரியத்தில் வாக்கு சமமாகி, கவர்னர் டான் மெக்கீ தன் வாக்கைப் போட்டுத்தான் நிறைவேற்றினார். 2024இல் பத்திரம் வெளியிட்டபோது 5.4 கோடி டாலர் அளவுக்கு வெளியிட்டு, வட்டிக்கு ஒதுக்கீடு, கையிருப்பு, வெளியீட்டுச் செலவு எல்லாம் போக அரங்கத்துக்குக் கிடைத்தது 2.7 கோடி. இந்தப் பத்திரங்களுக்கும் மாநிலத்தின் முழு உத்தரவாதம் கிடையாது, ஆகவே வட்டி கடுமை. 30 வருஷத்தில் கட்ட வேண்டிய மொத்தம் 13.2 கோடி. முப்பது வருஷம் கழித்துக் கொடுக்கும் டாலரும் இன்றைய டாலரும் ஒன்றல்ல என்று எங்கள் பேராசிரியர் காதைத் திருகுவார், தெரியும். அதைக் கழித்துப் பார்த்தாலும் 2017இல் மாநிலத்திடம் கேட்ட 2.3 கோடி நினைவுக்கு வந்து போகிறது.

கால்பந்து அரங்கம் 2025 மே மாதம் திறந்தது, 10,500 இருக்கைகள். அதே வருஷம் மெக்காய் அரங்கத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் ஊருக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி கட்டுகிறார்கள். அதற்கான கடனுக்கு 2022 நவம்பரில் வாக்காளர்களே சம்மதம் கொடுத்திருந்தார்கள். கால்பந்து அரங்கப் பத்திரங்களின் கடைசித் தவணை வரும்போது எனக்கு வயது ஐம்பதைத் தொட்டிருக்கும்.